மாநகராட்சி ஒப்பந்தம் எடுத்தவர் தன்பாலின இணையருக்கும் சலுகை தரவேண்டும் என்பது முறைதானா?

கேள்வி, 3 பிப்ரவரி 2025

சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியிடம் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம், ஊழியரின் கணவனுக்கோ மனைவிக்கோ தரும் சலுகைகளைத் தன்பாலின இணையருக்கும் தந்தாக வேண்டும் என்று விதி இருப்பதாகப் படித்தேன். சாலை போடவும் மென்பொருள் வாங்கவும் ஒப்பந்தம் விடுகிற மாநகராட்சிக்கு, ஒப்பந்ததாரரின் ஊழியர் யாரோடு குடித்தனம் நடத்துகிறார் என்பதில் என்ன வேலை? அமெரிக்கா முழுவதும் 2015-இல் தன்பாலினத் திருமணம் சட்டமான பிறகும் இந்த விதி எதற்கு?

4 பிப்ரவரி, காலை

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மாநகராட்சிக்குப் பணி செய்துகொடுத்த ஒரு நிறுவனத்தின் ஊழியர் நலப் பிரிவில் இந்தச் சட்டம் வந்த காலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மாநகராட்சி யாருடைய குடித்தனத்தையும் விசாரிக்கவில்லை. அதை விசாரித்துக்கொண்டிருந்தவை நிறுவனங்கள்தாம். ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில், மணமானவரின் துணைக்கு மருத்துவக் காப்பீடு, துக்க விடுப்பு, வீடு மாற்றும் செலவு, ஓய்வூதியத்தில் பங்கு என எல்லாம் கிடைக்கும். சட்டம் மணம் செய்துகொள்ளவே அனுமதிக்காதவருக்கு அவற்றில் ஒன்றும் கிடைக்காது. நகரின் சட்டமியற்றும் மன்றமான சூப்பர்வைசர்கள் அவையில் டாம் அமியானோ, லெஸ்லி காட்ஸ், சூசன் லியல் ஆகியோர் முன்னெடுத்து, 1996 நவம்பரில் நிறைவேறி, மேயர் வில்லி பிரவுன் கையெழுத்திட்டு, 1997 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கேட்டது ஒன்றைத்தான்: மணமானவருக்கு எதைத் தருகிறீர்களோ, அதையே, மணமின்றிச் சேர்ந்து வாழ்வதாக அரசிடம் பதிவு பெற்ற இணையருக்கும் தாருங்கள். மணமானவருக்கு ஒன்றும் தராத நிறுவனம் இணையருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை. பதிவு செய்துகொண்ட ஆண்-பெண் இணையருக்கும் இதே உரிமை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

4 பிப்ரவரி, இரவு

'சலுகை' என்று நாமெல்லோரும் எழுதிக்கொண்டிருப்பதால், முதலாளி மனமிரங்கித் தரும் கொடை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பணிவயதினரில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகவே வருகிறது. அது ஊதியத்தின் ஒரு பகுதி. ஒப்பந்ததாரர் மாநகராட்சிக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் அந்தச் செலவும் அடக்கம். ஆகவே வரி கட்டுபவர் பணத்திலிருந்துதான் ஒரு ஊழியருக்கு முழு ஊதியமும் இன்னொருவருக்குக் குறைந்த ஊதியமும் போய்க்கொண்டிருந்தன. குறைந்த ஊதியம் பெற்றவரும் அதே நகரத்தில் வரி கட்டினார்.

6 பிப்ரவரி

நடைமுறை எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மணமான ஊழியர் காப்பீட்டுப் படிவத்தில் மனைவியின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். திருமணச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி எனக்கு உத்தரவும் இல்லை. முதன்முதலாகத் தம் இணையரைச் சேர்க்க வந்தவருக்கு நாங்கள் நீட்டிய காகிதக் கட்டோ வேறு. ஒரே முகவரியில் வசிப்பதற்கு வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, மின் கட்டண ரசீது, இருவருக்கும் வேறு யாரோடும் மணமில்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், அதில் நோட்டரியின் முத்திரை. அவர் அத்தனையையும் ஒரு பழுப்பு உறையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். கூடவே, எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு காகிதமும் இருந்தது: மருத்துவமனையில் ஒருவருக்காக மற்றவர் முடிவெடுக்க அதிகாரம் தரும் பத்திரம். "இதையும் கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

மணமானவரிடம் கேட்காத ஆதாரத்தை இணையரிடம் மட்டும் கேட்கக்கூடாது என்று மாநகராட்சியின் மனித உரிமை ஆணையம் அறிவுறுத்திய பிறகு எங்கள் படிவம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. சட்டத்தின் பெரிய வாதங்களைக் காட்டிலும் இந்த ஒரு மாற்றம்தான் என் மனத்தில் ஆழமாக நிற்கிறது, ஏனென்றால் நேற்றுவரை சந்தேகத்துக்குரியவராக நடத்தப்பட்டவர் அன்றுதான் மற்ற ஊழியரைப் போலப் படிவத்தைக் கொடுத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

காப்பீடு கிடைத்தாலும் சமம் வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனைவிக்காக நிறுவனம் கட்டும் பிரீமியத்துக்கு நடுவணரசின் வருமான வரி கிடையாது. இணையருக்காகக் கட்டினால், அவர் வரிச் சட்டப்படி ஊழியரைச் சார்ந்து வாழ்பவராக இல்லாத பட்சத்தில், அந்தத் தொகை ஊழியரின் வருமானமாகவே கணக்கிடப்பட்டது. மாதம் 400 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,800 டாலர் சம்பளத்தில் கூடியதாகக் காட்டப்படும். அன்றைய 28 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு, சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் 7.65 விழுக்காட்டையும் சேர்த்தால், ஏறக்குறைய 1,711 டாலர் கையை விட்டுப் போகும். கையில் வராத பணத்துக்கு வரி. மாநில வரியைப் பொறுத்தவரை, மாநிலத்தில் பதிவு செய்த இணையருக்குக் கலிபோர்னியா 2002-இல் விலக்குத் தந்தது. நடுவணரசின் வரி, தன்பாலினத் திருமணத்தை நடுவணரசும் ஏற்கவேண்டும் என்று 2013 ஜூன் 26 அன்று வின்ட்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மணம் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் நீங்கியது.

9 பிப்ரவரி

"நகரம் எதை வேண்டுமானாலும் நிபந்தனையாக்கலாமா?" இந்த இழையின் மையக் கேள்வி இதுதான். இதை நீதிமன்றங்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

எரிசா என்று 1974-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் ஒன்று உண்டு. தனியார் நிறுவனங்களின் காப்பீட்டு, ஓய்வூதியத் திட்டங்களை அது தன் ஆளுகைக்குள் வைத்துக்கொண்டு, மாநிலமோ மாநகரமோ அவற்றில் விதி செய்வதைத் தடுக்கிறது. எனவே "இந்த ஊரில் தொழில் செய்யும் எல்லா நிறுவனங்களும் இணையருக்குக் காப்பீடு தரவேண்டும்" என்று சான் பிரான்சிஸ்கோ சட்டம் இயற்றியிருந்தால் அது ஒரு நாளும் நின்றிருக்காது. ஆனால் நகரம் ஆள்பவராக வராமல் வாங்குபவராக வந்தது. எந்த வாடிக்கையாளரும் தமக்குப் பிடித்த கடையில் வாங்கலாம் அல்லவா? அந்த உரிமையைத்தான் நகரம் பயன்படுத்தியது.

விமான நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் 1998 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு இந்தக் கோட்டைத் தெளிவாகக் கீறியது. சாதாரண வாடிக்கையாளருக்கு இருக்கும் அளவு வலிமையோடு நகரம் சந்தையில் நிற்கும் இடங்களில் சட்டம் செல்லும். விமான நிலையத்தில் நகரம் சாதாரண வாடிக்கையாளர் அன்று. சான் பிரான்சிஸ்கோவில் இறங்க விரும்பும் விமானத்துக்கு வேறு நில உரிமையாளர் இல்லை. அங்கே காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் நிபந்தனையாக்க எரிசா இடம் தராது. ஆனால் எரிசாவுக்குள் வராத துக்க விடுப்பு, இலவசப் பயணச் சீட்டு போன்றவற்றைக் கேட்கலாம். மேற்கு மாநிலங்களின் நடுவணரசு வழக்குகளை விசாரிக்கும் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் இந்தப் பகுதியை உறுதி செய்தது.

நீதிமன்றத்தில் காப்பீட்டைப் பொறுத்தவரை விமான நிறுவனங்களுக்குத்தான் வெற்றி. ஆனாலும், யுனைடெட் விமான நிறுவனத்துக்கு எதிரான புறக்கணிப்புப் போராட்டம் தொடர்ந்த நிலையில், 1999 கோடையில் அது தன் ஊழியர்களின் இணையருக்கு முழுக் காப்பீடும் தரப்போவதாக அறிவித்தது. அடுத்த சில நாள்களில் அமெரிக்கனும் யூ.எஸ். ஏர்வேஸும் அதே வழியில் வந்தன.

9 பிப்ரவரி, இரவு

"மனசாட்சிக்கு விரோதமானதைச் செய்யச் சொல்லலாமா" என்று கேட்டவருக்கு: எஸ்.டி. மையர்ஸ் என்ற ஒஹாயோ நிறுவனம் இதையேதான் கேட்டது. மின்மாற்றிப் பராமரிப்புக்கு அதன் விலைதான் மிகக் குறைவு. சமய நம்பிக்கையின் பேரில் நிபந்தனையை ஏற்க மறுத்ததால் ஒப்பந்தம் கைநழுவியது. ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2001-இல் நகரத்தின் பக்கம் நின்றது. அந்த நிறுவனத்தை யாரும் மூடச் சொல்லவில்லை, தண்டம் விதிக்கவில்லை. அது தன் நம்பிக்கையோடு வேறு வாடிக்கையாளரிடம் போகலாம். அதுபோலவே நகரமும் வேறு கடைக்குப் போகலாம்.

12 பிப்ரவரி

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, தொண்டு நிறுவனங்களை மின்மாற்றி நிறுவனத்தோடு ஒரே தட்டில் வைக்க என்னால் இயலவில்லை. வீடற்றவருக்கு உணவிடும் அமைப்பு ஒப்பந்தத்தை விட்டு விலகினால் பாதிக்கப்படுவது அந்த அமைப்பன்று.

கத்தோலிக்கப் பேராயர் வில்லியம் லெவாடா, எயிட்ஸ் நோயாளிகளுக்கும் வீடற்றவர்களுக்கும் தொண்டு செய்த கத்தோலிக்க அறநிலையத்தின் சார்பில் இந்தச் சட்டத்தை எதிர்த்தார். 1997 பிப்ரவரியில் இருதரப்பும் கண்ட வழி இது: ஊழியர் தம் வீட்டில் சட்டப்படி வசிக்கும் யாராவது ஒருவரைச் சலுகைக்கு உரியவராகக் குறிப்பிடலாம். அவர் இணையராகவும் இருக்கலாம், வயதான தாயாகவும் இருக்கலாம், மணமாகாத தமக்கையாகவும் இருக்கலாம். திருச்சபை தன் போதனையை மாற்றவேண்டியிருக்கவில்லை. எவரையும் அங்கீகரித்ததாக ஆகவுமில்லை. தன்பாலின இணையருக்கும் காப்பீடு போய்ச் சேர்ந்தது.

இது கொள்கையை விற்ற சமரசம் என்று என் நண்பர்கள் சிலர் அன்று கோபித்துக்கொண்டார்கள். உறவுக்கு உரிய பெயரைச் சொல்லாமல் காப்பீட்டை மட்டும் வாங்கிக்கொள்வது இழுக்கு என்றார்கள். அந்த வலி எனக்குப் புரிந்தது, இன்றும் புரிகிறது. இருந்தாலும், நோயில் கிடப்பவருக்கு இந்த மாதம் மருந்து வேண்டும்; பெயருக்கான போராட்டத்தை அடுத்த மாதமும் நடத்தலாம். அந்த ஏற்பாட்டில் தமக்கையைச் சேர்த்துக்கொண்ட ஒருவர் எங்கள் அலுவலகத்திலும் இருந்தார். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு அந்த வழியையும் ஏற்கவில்லை. 1998-இல் சுமார் 35 லட்சம் டாலர் பெறுமான நகர ஒப்பந்தங்களை விட்டுக்கொடுத்தது. 2001 நவம்பரில் அதன் மேற்கு வட்டாரப் பிரிவு இணையருக்குச் சலுகை தர முடிவெடுத்தது. இரண்டு வாரத்துக்குள் அந்த முடிவை அமைப்பின் தேசியத் தலைமை திரும்பப் பெறச் செய்தது. அந்த இரண்டு வாரம் நம்பிக்கையோடு இருந்த ஊழியர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

15 பிப்ரவரி

நியூயார்க்கில் இது ஏன் தோற்றது என்ற கேள்விக்கு.

அங்கே மாநகர மன்றம் 2004-இல் இதே போன்ற சட்டத்தை, ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு, மேயர் புளூம்பெர்க்கின் மறுப்பாணையை மீறி நிறைவேற்றியது. மேயர் அதை நடைமுறைப்படுத்த மறுத்தார். அரசுக் கொள்முதல் நல்ல பொருளை நல்ல விலைக்கு வாங்குவதற்கே, சமூகக் கொள்கையைப் புகுத்துவதற்கன்று என்பது அவர் நிலை. தன்பாலினத் திருமணத்தைத் தாம் ஆதரிப்பதாக 2005-இல் வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே. மாநிலத்தின் உச்ச அதிகாரம் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று மேயர் பக்கம் தீர்ப்பளித்தது. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்று மாநிலச் சட்டம் சொல்லும்போது மாநகர மன்றம் கூடுதல் வடிகட்டி வைக்க முடியாது என்பது ஒரு காரணம். எரிசா இன்னொன்று: நகரம் இங்கே வாங்குபவராக நடக்கவில்லை, விதி செய்பவராக நடக்கிறது என்று அந்த நீதிமன்றம் கண்டது.

இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு ஊழியருக்கு இரண்டு ஊதியம் கொடுத்து விலையைக் குறைப்பவரைக் குறைந்த விலைக்காரர் என்று கொண்டாடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு வலுவான அச்சம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று சமத்துவத்துக்காக வைக்கும் நிபந்தனையை நாளை வேறொரு ஆட்சி வெறுப்புக்காக வைக்கலாம். வாங்கும் உரிமை எவர் கையிலும் ஒரே கருவிதான். அதற்குக் காவல், நிபந்தனை வேலைக்கான ஊதியத்தோடு தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்பதே. ஒப்பந்ததாரரின் கருத்தையோ அவர் யாருக்கு நன்கொடை தருகிறார் என்பதையோ சான் பிரான்சிஸ்கோ கேட்கவில்லை. சம்பளப் பட்டியலைத்தான் கேட்டது.

15 பிப்ரவரி, சேர்க்கை

வேறு இடங்கள்: லாஸ் ஏஞ்சலிஸும் சியாட்டிலும் 1999-இல் பின்பற்றின. கலிபோர்னியா மாநிலமே கிறிஸ்டின் கேஹோ கொண்டுவந்த மசோதாவை 2003-இல் சட்டமாக்கி, ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட மாநில ஒப்பந்தங்களுக்கு 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

20 பிப்ரவரி

சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சிக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தின் பணியில் பாதி சோழிங்கநல்லூரில் நடந்தால், அங்குள்ள ஊழியரின் இணையருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. நகரத்துக்குள் உள்ள பணியிடங்கள், வெளியே நகரத்துக்குச் சொந்தமான நிலங்கள், ஒப்பந்தத்துக்கான வேலை நடக்கும் அமெரிக்காவின் பிற இடங்கள் என்பவற்றோடு இச்சட்டம் நின்றுவிடுகிறது. ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாத வெளிமாநிலப் பணியிடங்களுக்குக்கூட இதை நீட்ட முடியாது என்று 1998 தீர்ப்பே சொல்லிவிட்டது. எனவே ஒரே நிரலை எழுதும் இருவரில் கலிபோர்னியாவில் இருப்பவருக்கு உள்ள உரிமை சென்னையில் இருப்பவருக்கு இல்லை. இந்தியாவில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை வழங்க மறுத்துவிட்ட நிலையில், அங்கே நிறுவனம் தானாக முன்வந்து தந்தால்தான் உண்டு. அமெரிக்கப் பிரிவுக்காகத் திட்டத்தை ஏற்கெனவே வகுத்துவிட்ட நிறுவனத்திடம், அதே வாசகத்தைச் சென்னைக் கிளைக்கும் நீட்டுங்கள் என்று கேட்பது எளிது. கேளுங்கள்.

27 பிப்ரவரி

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். 2015-க்குப் பிறகும் இது எதற்கு?

திருமணம் சட்டமானதும் சில நிறுவனங்கள் "இனி நீங்களும் மணம் செய்துகொள்ளலாமே" என்று சொல்லி இணையருக்கான காப்பீட்டை நிறுத்தின. மணம் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. நாட்டின் பல மாநிலங்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மணம் செய்துகொண்டு, திங்கட்கிழமை அதே காரணத்துக்காக வேலையை இழக்க முடியும் என்ற நிலை, தன்பாலின ஈர்ப்புக்காக வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று 2020 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் பாஸ்டாக் தீர்ப்பு வரும்வரை நீடித்தது. காப்பீடு வேண்டுமென்றால் உன்னை வெளிப்படுத்து, வெளிப்படுத்தினால் வேலை போகலாம் என்ற இந்தப் பொறியில் சிக்கியவர்களுக்கு, மணத்தை நிர்ப்பந்திக்காத ஒரு திட்டம் உண்மையான பாதுகாப்பு. அன்றி, மணம் வேண்டாம் என்று முடிவெடுத்து இருபது முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு.

மணம் செய்துகொண்டாலே எல்லாம் வந்துவிடும் என்பதும் உண்மையாக இருக்கவில்லை. நியூயார்க்கில் மணம் செய்துகொண்ட ஒரு பெண்ணும் அவருடைய மனைவியும், முதலாளியின் சுயநிதிக் காப்பீட்டுத் திட்டம் (சிகிச்சைச் செலவை நிறுவனமே தன் பணத்திலிருந்து தருவது) தன்பாலினத் துணையை விலக்கியதை எதிர்த்து 2014-இல் வழக்காடித் தோற்றார்கள். மாநிலத்தின் காப்பீட்டுச் சட்டம் சுயநிதித் திட்டத்தை எட்டாது. எரிசா குறுக்கே நிற்கும். மாநிலச் சட்டம் எட்டாத அந்த இடத்துக்கும் வாங்குபவரின் நிபந்தனை போய்ச் சேர்கிறது. இந்தச் சட்டத்தை நான் இன்னும் பற்றிக்கொண்டிருப்பதற்கு முதற்காரணம் இதுவே.

28 பிப்ரவரி

வாஷிங்டன் நிலவரத்தை இதோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். ஒபாமா 2014 ஜூலை 21 அன்று பிறப்பித்த 13672-ஆம் ஆணை, நடுவணரசின் ஒப்பந்ததாரர்கள் பாலின ஈர்ப்பின் பேரிலோ பாலின அடையாளத்தின் பேரிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அது 1965-இல் ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் ஆணைக்குச் செய்த திருத்தம். 2025 ஜனவரி 21 அன்று டிரம்ப் அந்த 1965 ஆணையையே நீக்கிவிட்டதால், ஒப்பந்ததாரருக்கான திருத்தமும் அதோடு போயிற்று. பாஸ்டாக் தீர்ப்பு நிற்கிறது. ஆனால் அதன்படி ஊழியர்தான் புகார் கொடுத்து, வழக்காடி நிரூபிக்கவேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே சான்றளிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைப்பது வேறு வகை. சான் பிரான்சிஸ்கோவின் சட்டம் குடியரசுத் தலைவரின் ஆணையை நம்பிப் பிறக்கவில்லை.

2 மார்ச்

சிறு ஒப்பந்ததாரர் ஒருவர், தம் காப்பீட்டு நிறுவனம் இணையரைச் சேர்க்க மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். 1980-களில் வெஸ்ட் ஹாலிவுட் நகருக்கே, தன் ஊழியர்களின் இணையரை ஏற்கும் காப்பீட்டாளர் கிடைக்காமல் தானே காப்பீட்டு நிதியைச் சுமக்கவேண்டி வந்தது. 1997-இல் எங்களுக்கும் முதலில் மறுப்புக் கடிதம்தான் வந்தது. எயிட்ஸ் சிகிச்சைச் செலவு என்ற அச்சத்தைக் காப்பீட்டாளர்கள் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஒப்பந்ததாரர்கள் ஒரே நேரத்தில் ஒரே திட்டத்தைக் கேட்டபோது அவர்களே அதை விற்கத் தொடங்கினார்கள்; எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே, பிரீமியத்தில் வேறுபாடு தெரியவில்லை. இன்று அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. கலிபோர்னியாவில் விற்கும் காப்பீட்டுத் திட்டங்கள் பதிவு பெற்ற இணையரைக் கணவன், மனைவிக்கு இணையாக நடத்தவேண்டும் என்பது 2005 முதல் மாநிலச் சட்டம்.

அப்படியும் முடியாமற்போனால், நியாயமான எல்லா முயற்சியும் செய்ததைக் காட்டி, காப்பீட்டுக்கு ஈடான தொகையை ஊழியருக்குப் பணமாகத் தரலாம். அதற்கு முன்பு காப்பீட்டு முகவரிடம் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியில் "முடியாது" என்ற முகவர், எழுதித் தரச் சொன்னதும் மறுநாளே விலைப்பட்டியல் அனுப்பியதை எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.